நாலு மணி அலமாரி

பிஸ்கட்டை நிறுத்தியது அவள்தான். அதை இதுவரை யாரும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை. யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்குமோ என்று சில நாள் அவளுக்கே தோன்றும்.

நாற்பது பேர் வேலை பார்க்கும் சலவை ஆலை அது. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விரிப்பும் துண்டும் தலையணை உறையும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். காலையில் அழுக்கு மூட்டையாக வந்தது சாயங்காலம் மடிப்புக் கலையாமல் திரும்பிப் போயாக வேண்டும். அங்கே அவள் சூப்பர்வைசர். வயதில் மூத்தவர்கள்கூட அவளை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ‘டைம்டேபிள்’ என்றார்கள். அது அவளுக்கும் தெரியும். கெட்ட பட்டப்பெயர் இல்லை என்பதால் கண்டும் காணாமல் இருந்துவிட்டாள்.

அவளை ‘டி’ போட்டுக் கூப்பிடும் உரிமை அந்த ஆலையில் ஒருத்திக்குத்தான் இருந்தது. இஸ்திரி மெஷினில் விரிப்பு விடுகிற பாட்டுக்காரி. இருபது வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி படிப்படியாக மேலே போனாள். இன்னொருத்தி மெஷினை விட்டு நகரவில்லை. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. மெஷின் இரைச்சலுக்கு மேலே பாடிக்கொண்டே வேலை செய்வாள். பாதிப் பாட்டுக்கு வார்த்தை தெரியாது. தெரியாத இடத்தில் அன்றைக்கு வந்த விரிப்புக் கணக்கைப் போட்டு ஒப்பேற்றிவிடுவாள். “நூத்திப் பன்னெண்டு விரிப்பு, நூறு உறை” என்று உருகி உருகிப் பாடும்போது எதிர்ப்பக்கம் விரிப்பை வாங்குகிறவர்களுக்குச் சிரிப்பு தாங்காது.

எல்லாம் சூப்பர்வைசரின் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்ததில் ஆரம்பித்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கு நடுவில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவர். ஒரு கையில் ஸ்பானர், இன்னொரு கையில் சிப்ஸ் பாக்கெட், சட்டைப்பையில் கேக் துண்டு, தாகத்துக்குக் குளிர்பானம். ஒருநாள் ஏழாவது மாடியில் மோட்டார் அறைக்குள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். அவர் பழுது பார்த்த லிஃப்டிலேயே அவரை இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

“பொரிச்சது, பாக்கெட்ல வர்றது, சர்க்கரை போட்ட பானம். இந்த மூணையும் மறந்துடுங்க” என்றார் டாக்டர். அவர் பார்த்ததென்னவோ கணவனைத்தான். கேட்டுக்கொண்டது மனைவி.

அன்றிலிருந்து அவள் கடைக்குப் போனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். எவ்வளவு உப்பு, எவ்வளவு கொழுப்பு, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று முன்பக்கம் போட்டுவிட்டுப் பின்பக்கம் எந்தப் பெயரில் அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. “முடிவு எப்படி இருக்கு, நல்ல கதையா?” என்று கடைக்காரர் கேட்கும் அளவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்பாள்.

வீட்டில் சிப்ஸ் இருந்த டப்பாவில் வறுத்த கடலை வந்தது. எண்ணெய் இல்லாமல் வறுத்து மிளகுத்தூள் தூவியது. பிஸ்கட்டுக்குப் பதில் ஆப்பிள் துண்டும் நாலு பாதாமும். குளிர்பானத்துக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீர், சர்க்கரை கிடையாது. கேக்குக்குப் பதில் தயிரில் வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டுக் கொடுத்தாள்.

“நாக்கு செத்தே போச்சு” என்றார் அவர்.

“நாக்குதானே. போகட்டும்.”

இரண்டு மாதம் கழித்து அவருடைய கருவிப் பையில் ஸ்பானருக்கு அடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடைத்தது. கையும் களவுமாகப் பிடித்ததும், “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவர் ஒருத்தரை வெளிய எடுத்தேன். பாவம், ஆசையாக் குடுத்தார். வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவார்ல” என்றார். அவள் ஒரு பிடி பிடித்தாள். அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மறுபடி கடலைக்கு வந்தார். ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவளிடம், “இதுல பாதி வேலை உங்களோடது” என்றார்.

அந்த ஒரு வார்த்தை அவளை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. வாழ்க்கையில் அவளை அப்படி யாரும் பாராட்டியதில்லை. விரிப்பு வெள்ளையாக வந்தால் சோப்புக்குப் பெயர். கறை நின்றால் சூப்பர்வைசருக்குத் திட்டு. அதற்கே பழகியவளுக்கு, ஒரு மனுஷனைச் சாவிலிருந்து திருப்பிக் கொண்டுவந்தவள் என்ற நினைப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கணவன் விஷயம் முடிந்தது. அடுத்து யார் என்று கை பரபரத்தது.

ஆலையின் ஓய்வறையில் ஒரு மர அலமாரி இருந்தது. நாலு மணிக்கு இருபது நிமிஷம் இடைவேளை. முதலாளியின் பொறுப்பில் அந்த அலமாரியில் கிரீம் பிஸ்கட், சிப்ஸ், பன், துண்டு கேக் எல்லாம் இருக்கும். பக்கத்துப் பெரிய ஃப்ளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. எல்லாரும் மொய்த்துத் தின்றுவிட்டுப் போவார்கள். சூப்பர்வைசருக்கு இப்போது அதைப் பார்த்தால் நாற்பது பேரும் ஏழாவது மாடி மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து வியர்ப்பதுபோல இருந்தது.

முதலாளியிடம் போய்ப் பேசினாள். அவர் ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டே, “உனக்கு நல்லதுன்னு பட்டா செய்” என்றார்.

ஒரு திங்கட்கிழமை அலமாரி மாறியது. கண்ணாடி ஜாடிகளில் வறுத்த கடலை, நிலக்கடலை, பாதாம், எண்ணெய் இல்லாமல் பொரித்த சோளம். தட்டில் வெள்ளரியும் கேரட்டும் விரல் நீளத்துக்கு நறுக்கியது. கூடையில் வாழைப்பழமும் ஆப்பிளும். பழம் திங்களும் வியாழனும் வரும். ஃப்ளாஸ்க்கில் சர்க்கரை இல்லாத டீ. ஒவ்வொரு ஜாடியிலும் அது எதற்கு நல்லது என்று அவளே கைப்பட எழுதி ஒட்டியிருந்தாள்.

துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் ‘சோப்பு’ என்பார்கள். அவர் ஒரு கேரட்டை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். “அக்கா, இதைத் தின்னா அடுத்த வாரம் காது நீளுமா?”

“உங்களுக்கு இருக்கிற காதே போதும். சொல்றதைக் கேக்க மட்டும் பழகிக்கோங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். முதல் வாரம் முணுமுணுப்பு. இரண்டாவது வாரம் சோப்பே கடலை ஜாடியைக் கையோடு தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். மூன்றாவது வாரம், மடிப்புப் பகுதியில் ஒரு பெண் வந்து, சாயங்காலம் வரும் நெஞ்செரிச்சல் நின்றுவிட்டது என்றாள். சூப்பர்வைசருக்குக் கால் தரையில் படவில்லை.

அந்த முதல் வாரத்திலேயே பாட்டுக்காரி அவளைத் தனியாகப் பிடித்தாள். உடை மாற்றும் அறையில், வேறு யாரும் இல்லாத நேரம்.

“அந்தக் கிரீம் பிஸ்கட் மட்டும் ஒரு டப்பா ஓரமா இருக்கட்டுமேடி.”

“எதுக்கு?”

“சும்மாதான். பழகிப் போச்சு.”

“உனக்கு ஒண்ணு வச்சா நாப்பது பேருக்கும் வைக்கணும். அப்புறம் நான் பண்ணதுக்கு என்ன அர்த்தம்?”

பாட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ உள்ளே வந்தார்கள். “சரி விடு” என்று தலைத்துணியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது தடவை கேட்டது ஓய்வறையில், எல்லாருக்கும் நடுவில். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுக்காவது கொஞ்சம் சர்க்கரை வைடி. தனியா ஒரு டப்பாவுல வச்சாக்கூடப் போதும்” என்றாள். குரல் விளையாட்டாகத்தான் இருந்தது.

அன்றைக்கு சூப்பர்வைசர் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். பேச்சு தானாக வந்தது. “உனக்கா சர்க்கரை? முதல்ல நிறுத்த வேண்டியதே உனக்குத்தான். போன வருஷம் தச்ச யூனிஃபார்ம், பட்டன் எல்லாம் எப்படி அழுவுது பாரு.”

ஓய்வறை மொத்தமும் சிரித்தது. பாட்டுக்காரியும்தான் சிரித்தாள். கடைசிப் பட்டனைத் தொட்டுப் பார்த்து, “அழாதே, அழாதே” என்று அதற்கு ஒரு சமாதானமும் சொன்னாள். இன்னொரு தடவை எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்பை மட்டும் சூப்பர்வைசர் பின்னாளில் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் எங்கேயாவது ஒரு இடறல் இருந்ததா, முகம் ஒரு நொடியாவது சுண்டியதா என்று. அவள் அந்த நேரம் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. சிரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் போனது. ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அவசர லோடு வந்தது. ஐந்தரைக்குள் நானூறு விரிப்பு போக வேண்டும். நாலு மணி மணியடித்தபோது பாதிதான் முடிந்திருந்தது. “இன்னிக்கு இடைவேளை அஞ்சே நிமிஷம். கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க” என்றாள் சூப்பர்வைசர். யாரும் மறுக்கவில்லை. அவசரமென்றால் அப்படித்தான்.

ஓய்வறைக்குள் எட்டிப் பார்த்தபோது பாட்டுக்காரி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு ஜாடி மூடியாகத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பழக்கூடையில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வந்த பழம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. இஸ்திரி மெஷின் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் யாருக்குத்தான் வியர்வை இருக்காது.

“என்னடி தேடுற? எல்லாம் கண்ணு முன்னாடிதானே இருக்கு” என்றாள் சூப்பர்வைசர்.

பாட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. “ஒண்ணுமில்ல” என்று ஒரு பிடி நிலக்கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு போனாள். அவள் லாக்கரில் இனிப்பு பிஸ்கட் இருந்தது. அது பிறகுதான் தெரிந்தது. லாக்கர் அறை கட்டடத்தின் அந்தக் கோடியில், இரண்டு மாடி இறங்கிப் போக வேண்டும். ஐந்து நிமிஷத்தில் போய்வர முடியாது. மெஷின் பக்கம் பையில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. முன்பு ஒரு தடவை யாருடைய பையிலிருந்தோ மிட்டாய் விழுந்து உருளைக்குள் போய் ஒரு கட்டு விரிப்பே பாழானது. அந்த விதியை எழுதி ஒட்டியதும் சூப்பர்வைசர்தான்.

நாலரை இருக்கும். பாட்டு நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கூட நின்று விரிப்பு விடுகிறவள் மட்டும், “என்னக்கா, விரிப்பு கோணலாப் போகுது” என்று கேட்டிருக்கிறாள். அடுத்த நொடி பாட்டுக்காரி அப்படியே முன்னால் சரிந்தாள். தடுப்புக் கம்பியில் உடம்பு பட்டதும் மெஷின் நின்றுவிட்டது. அப்படித்தான் அது செய்யப்பட்டிருந்தது. ஆனால் இடது கை கம்பியைத் தாண்டிச் சூடான தகட்டின் மேல் கிடந்தது. வலியில் கையை இழுத்துக்கொள்ள அவளுக்கு நினைவு இல்லை. கூட நின்றவள் சுற்றி ஓடிவந்து தூக்கும்வரை அது அங்கேயே கிடந்தது.

சூப்பர்வைசர்தான் வண்டியில் கூடப் போனாள். பாட்டுக்காரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். இருபது வருஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டதே அபூர்வம்.

அவசரப் பிரிவில் நர்ஸ் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். உடனே ஒரு ஊசி. பிறகு திரும்பி, “காலைல இன்சுலின் எத்தனை மணிக்குப் போட்டாங்க?” என்று கேட்டாள்.

“இன்சுலினா?”

“இவங்க சர்க்கரை நோயாளிதானே. வயித்துல ஊசி போட்ட தடம் இருக்கு. சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கியிருக்கு. நாலு மணி வாக்குல ஏதாவது இனிப்பாச் சாப்பிட்டிருந்தாலே போதும், இந்த நிலைமைக்கு வந்திருக்காது.”

நர்ஸ் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சூப்பர்வைசர் கையில் பாட்டுக்காரியின் தலைத்துணி இருந்தது. அதை மடிக்க ஆரம்பித்தாள். மடித்துப் பிரித்து மடித்துப் பிரித்து, பாட்டுக்காரியின் தங்கச்சி ஓடி வரும்வரை அதையே செய்துகொண்டிருந்தாள். “எட்டு வருஷமா இருக்கு. நீங்க அவ்வளவு சிநேகிதம், உங்களுக்குத் தெரியாதா?” என்று தங்கச்சி கேட்டதில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார்கள். மூன்றாம் நாள்தான் பாட்டுக்காரி பேசும் நிலைக்கு வந்தாள். கை முழங்கை வரைக்கும் கட்டு. சூப்பர்வைசர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏன்டி சொல்லல?”

“சொன்னா நீ எழுதணும்ல.” பாட்டுக்காரி கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு பேசினாள். “மடிப்புல ஒரு அம்மாவுக்கு வலிப்பு வந்துச்சே. உடம்பு சரியில்லாதவங்களை மெஷின்கிட்ட வைக்க முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. அந்தப் படிவத்துல கையெழுத்து போட்டது நீதானே.”

அது உண்மை. அன்றைக்கு அது சரியாகத்தான் பட்டது.

“என்கிட்ட மட்டுமாவது...”

“உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேன்.”

“கேட்டே. காரணம் சொல்லலையே.”

“நீ காரணம் கேக்கலையே.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். சூப்பர்வைசர் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது பாட்டுக்காரி, “விடு. நீ நல்லதுக்குத்தானே செஞ்ச” என்றாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருக்கலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதுவரை நடந்தது தெரியாமல் நடந்தது. அதற்குப் பிறகு ஒன்று நடந்தது, அது தெரிந்தே நடந்தது.

விபத்து விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். மெஷினைப் பார்த்தார், தடுப்புக் கம்பியைச் சோதித்தார். பிறகு முதலாளியின் அறையில் உட்கார்ந்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். முதலாளியும் இருந்தார்.

“தனக்கு இந்த நோய் இருக்குன்னு அந்தம்மா நிர்வாகத்துக்குச் சொல்லலை. அப்படித்தானே?”

“ஆமா.”

“அன்னிக்கு வேலையில வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துச்சா? மயக்கம் வர்றதுக்கு வேற ஏதாவது காரணம் இருக்குமா?”

இடைவேளையை ஐந்து நிமிஷமாக்கியது நான் என்று சொல்லியிருக்கலாம். அலமாரியில் ஒரு துளி இனிப்பு இல்லாமல் செய்தது நான். அவள் கேட்டும் கொடுக்காதது நான் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. முதலாளி பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். வீட்டில் கணவன் பாதி நாள்தான் வேலைக்குப் போகிறார் என்பது நினைவுக்கு வந்தது. நாற்பது பேர் முகம் நினைவுக்கு வந்தது.

“இல்லைங்க” என்றாள்.

அதிகாரி எழுதிக்கொண்டார். ஊழியர் தன் நோயை மறைத்ததால் நேர்ந்த விபத்து என்று அறிக்கை வந்தது. முதலாளி மோசமான மனுஷன் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவை அவரே பார்த்துக்கொண்டார். ஆனால் வேலைக்கு மறுபடி எடுக்க முடியாது, அறிக்கை அப்படி இருக்கிறது என்றார். கை ஆறியபோது மூன்று விரல் முழுசாக மடங்கவில்லை. வேறு இடத்தில் வேலை கேட்டுப் போனாலும், நோயை மறைத்தவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் அங்கே போய் நின்றது. இரண்டு மாதத்தில் தங்கச்சியோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

சூப்பர்வைசர் அலமாரியை மறுபடி மாற்றினாள். கடலையும் வெள்ளரியும் இருந்தன. கூடவே ஒரு தட்டில் இனிப்பு பிஸ்கட், ஒரு டப்பா குளுக்கோஸ், தனிக் கிண்ணத்தில் சர்க்கரை. ஜாடிகளில் ஒட்டியிருந்த தன் கையெழுத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். “எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கேன்” என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சோப்புகூட அன்றைக்கு ஜோக் அடிக்கவில்லை. பயந்துபோய்ச் சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தப் பயத்தை எப்படி எடுப்பது என்றுதான் புரியவில்லை.

வீட்டில் ஒருநாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “எத்தனை நாளைக்கு இதையே சுமப்ப?” என்றார் கணவர்.

“விசாரணைல நான் வாயைத் திறக்கலைங்க.”

முழுவதையும் சொன்னாள். கடைசியில், “இப்பப் போய்ச் சொல்லு” என்றார். “அதனால என்ன ஆகும்னு தெரியாது. ஆனாச் சொல்லு.”

மறுநாள் முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஆறு மாசம் ஆச்சு. ஃபைலை மூடியாச்சு. இப்ப எதுக்கு இதைக் கிளறுற? உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல.”

“அவளுக்கு நல்லது.”

“அவ இந்த ஊர்லயே இல்ல” என்றார் அவர். அதிகாரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிப் போட்டாள். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. அதோடு சரி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாட்டுக்காரியைப் பார்க்கப் போனாள். தங்கச்சி வீடு இரண்டாவது மாடியில். வெயில் படும் பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பாட்டுக்காரி இளைத்திருந்தாள். ஒரு நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு கை போதும் என்றாள். மேஜைமேல் பழச்சாறு பாட்டில் ஒன்று, எட்டும் இடத்தில்.

டீ வந்தது. பாதி குடித்ததும் சூப்பர்வைசர் ஆரம்பித்தாள். “அந்த விசாரணைல என்கிட்ட ஒண்ணு கேட்டாங்கடி...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அறிக்கை ஒரு காப்பி எனக்கும் வந்துச்சு. ‘வேறு காரணம் எதுவும் இல்லை என்று மேற்பார்வையாளர் தெரிவித்தார்’னு போட்டிருந்துச்சு.” பாட்டுக்காரி மடங்காத விரல்களை வலது கையால் நீவிவிட்டுக்கொண்டாள். “பிஸ்கட் விஷயத்துல உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கென்ன தெரியும். இதைத்தான் நாலஞ்சு தடவை படிச்சேன். வேற யாரோ சொன்னதா இருக்குமோன்னு.”

“இப்ப எல்லாத்தையும் எழுதிப் போட்டிருக்கேன்.”

“சரி.”

“மன்னிச்சுடுன்னு கேக்கத்தான் வந்தேன்.”

பாட்டுக்காரி தலையாட்டினாள். சரி என்ற தலையாட்டலா, கேட்டுக்கொண்டேன் என்ற தலையாட்டலா என்று தெரியவில்லை. பிறகு பேச்சு தங்கச்சி பிள்ளைகளின் படிப்பு, வாடகை வீட்டின் தண்ணீர்க் கஷ்டம் என்று எங்கெங்கோ போனது. லிஃப்ட் மெக்கானிக் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்வதற்கே சூப்பர்வைசருக்குக் கூச்சமாக இருந்தது.

பஸ் நிறுத்தம்வரை பாட்டுக்காரி கூட வந்தாள். சேர்ந்து நடந்தார்கள். பஸ் தூரத்தில் திரும்பும்போது பாட்டுக்காரி சொன்னாள்:

“கொஞ்ச நாளைக்கு வராதேடி. கோபமெல்லாம் இல்ல. உன்னைப் பாத்தா எனக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் ஞாபகம் வருது. அதைத் தாங்குற தெம்பு இன்னும் வரலை.”

“சரி. நீயே கூப்பிடு.”

“கூப்பிடுறேன்.”

அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கடிதமோ போனோ வரவில்லை. சூப்பர்வைசர் இரண்டு தடவை எண்ணைப் போட்டுவிட்டு மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். கொஞ்ச நாள் என்று பாட்டுக்காரி சொன்னது எத்தனை நாளோ, அது முடிந்துவிட்டதா இல்லையா என்று அவளைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது. அவளிடம் கேட்கத்தான் கூடாது.